4117-இன் இடப்பக்கத்துத் தடம்

வூஸ்டர், ஒஹாயோ
ஏப்ரல் 23, 1979

திருமதி அடீல் க்விம்பி அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் நலம் அறிய எனக்கு ஆவல் இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

என் கணவர் ஓரின் பிப்ரவரி ஒன்பதாம் தேதி வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போனார். நீங்கள் அனுப்பிய இரங்கல் அட்டை வந்தது. லில்லிப்பூ படம் போட்டது. நன்றி. இரண்டு மாதம் முடிவதற்குள் அடுத்த கடிதமும் வந்துவிட்டது. எண் 4117-ஐ நான் சொல்லும் விலைக்கு வாங்கிக்கொள்கிறீர்களாம், பெட்டியில் அதன் இடம் காத்துக்கொண்டிருக்கிறதாம். இங்கே என் சாப்பாட்டு மேசையிலும் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நன்றாகத் தெரியும். உங்களிடம் 4116, எங்களிடம் 4117. 1893-இல் பாஸ்டன் பல்மருத்துவர் ஒருவர் சுடும் போட்டிகளுக்காக ஒரே நாளில், ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு நீளக்குழல் ரிவால்வர்கள். அவர் காலமான பிறகு ஆளுக்கொரு பக்கம் போனவை. தொழிற்சாலையில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவர், ஒன்று ஈரியில் உங்களிடம் இருக்கிறது, மற்றது வூஸ்டரில் என் கணவரிடம் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் எழுதித் தொலைத்தார். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம், அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை, கொலம்பஸ் துப்பாக்கிக் கண்காட்சியில் நாற்பத்து நான்காம் மேசை. பழைய பெட்டி உங்களிடம். அதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் இரண்டு நாற்காலி போட்டு நீங்கள் இருவரும் உட்காருவீர்கள். சாயங்காலம் அவரவர் ரிவால்வரை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போவீர்கள். இவரும் விற்க மாட்டார், நீங்களும் விற்க மாட்டீர்கள். ஒருவர் விற்றுவிட்டால் அடுத்த வருஷம் சந்திக்கக் காரணம் வேண்டாமா?

முதல் வருஷம் நானும் வந்தேன். உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. பக்கத்து மேசையில் துப்பாக்கிக்குத் தோல் உறை விற்றவன் எழுந்து நின்று, "அடேய், ஜோடி வந்தாச்சுப்பா! எவ்வளவு வருஷமா பிரிஞ்சு கிடந்துச்சு, இப்ப பாரு, எப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு!" என்று கூவினான். வாய் ரிவால்வரைச் சொன்னது. கண் உங்கள் இருவரையும் பார்த்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இவர் காது மடல்வரை சிவந்துபோனார். நான் இரண்டு கையிலும் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க இவரோட தங்கச்சிங்களா?" என்று கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் கொலம்பஸ் பக்கமே வரவில்லை. அந்த வார இறுதியில் கோஸைச் சீவி உப்பிட்டு மண்சாடியில் புளிக்கப் போடும் வேலையை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் இவர் கிளம்பும்போது, "வெர்னா, இந்தத் தடவையாவது வாயேன்" என்பார். "எனக்குக் கோஸ் வேலை இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்பேன். அவர் போன பிறகு நிலவறைக்குப் போய்ப் பார்த்தால், பழைய வருஷத்துப் புளித்த கோஸில் ஒரு ஜாடி குறையும். யார் வயிற்றுக்குப் போனது என்று நான் கேட்டதில்லை.

பள்ளிப் பேருந்து பழுதுபார்க்கிற இவருக்குக் கையில் எப்போதும் கிரீஸ்தான். ஆனால் 4117-ஐத் தொடும்போது வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டும். எங்கள் போதகர் ஒருமுறை ஆசையாகக் கை நீட்டினார். "ஐயா, கையுறையைப் போட்டுக்குங்க. வியர்வையில இருக்கிற உப்பு ஒரே ராத்திரியில துருவாக்கிடும். கர்த்தர் மன்னிச்சாலும் இந்த இரும்பு மன்னிக்காது" என்று போதகருக்கே பிரசங்கம் செய்தார். நான் அதைத் தொட்டதே இல்லை. தொட எனக்கு ஆசையும் இருந்ததில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று முதல்முறையாக அந்தத் துணியைப் பிரித்துப் பார்த்தேன். மெருகு, வாய் பிளக்கும்படியான மெருகு, மழைக்கு முந்தைய வானத்தின் கருநீலம். குறை சொல்ல ஒன்றுமில்லை, இடப்பக்கத்தைத் தவிர. சுழல் உருளைக்குப் பின்னால், வலது கையால் பிடித்தால் பெருவிரல் படுகிற இடத்தில், ஒரு விரல் தடம். மேலோட்டமான அழுக்கு இல்லை, இரும்பையே அரித்து உள்ளே இறங்கியது. அவருடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சின்னத் தடம், பெண் விரல். ரேகை ரேகையாகத் தெரிகிறது, குறுக்கே ஒரு மெல்லிய கோடு. உங்கள் மோதிரம் கீறியதோ என்னவோ.

துணிக்கு அடியில் ஒரு அட்டை, அவர் கையெழுத்தில். "இடப்பக்கத் தடத்தைத் தொடாதே. தேய்க்காதே. யார் சொன்னாலும் கேட்காதே. ஓ. ஸ்." இருபத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தினேன். எனக்கென்று இப்படி ஒரு அட்டை அவர் எழுதி வைத்ததில்லை.

திருமதி க்விம்பி, எனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம். பத்தொன்பது வருஷமாக வயிறு எரிகிறது. போதகருக்குக் கிடைக்காத சலுகை உங்கள் வெறுங்கைக்குக் கிடைத்தது. ஒரு தூசி தாங்காத மனிதர், அந்தத் துருவை மட்டும் கண்ணில் வைத்துக் காத்தார். மேசை இழுப்பறையில் நீங்கள் இருவரும் வாங்கிய ரிப்பன்கள் இருக்கின்றன. முதல் இரண்டு வருஷமும் நீலம், முதல் பரிசு. மற்ற பதினேழும் சிவப்பு, இரண்டாம் பரிசு. அவ்வளவு ஜோடிப் பொருத்தம் பேசியவர்களுக்கு அதற்குப் பிறகு ஒரு முதல் பரிசுகூட வாய்க்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

ரிவால்வரை உங்களுக்குத் தரப்போவதில்லை. மான்ஸ்ஃபீல்டில் ரஸ்ஸல் டீட்ஸ் என்பவர் துப்பாக்கி பழுதுபார்க்கிறார். மே ஐந்தாம் தேதி காலையில் வந்து எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். பழைய மெருகு முழுவதையும் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாக நீலம் ஏற்றித் தருவார். அப்படிச் செய்தால் அதற்கு மதிப்பே போய்விடும், யாரும் ஜோடி என்று சொல்ல மாட்டார்கள் என்று அவரே எச்சரித்தார். அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். உங்கள் விரல் என் வீட்டில் இருக்கக் கூடாது.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். உங்கள் குரல் கேட்டால் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வெர்னா ஸ்டாட்லர்
(ஓரின் ஸ்டாட்லரின் மனைவி. தங்கை அல்ல.)


ஈரி, பென்சில்வேனியா
மே 3, 1979. சிறப்புத் தபால்

மதிப்பிற்குரிய திருமதி ஸ்டாட்லர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் வைத்துவிட்டீர்கள். சொன்ன சொல் தவறாதவர் என்று ஓரின் சொன்னது சரிதான். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று தபால் நிலையத்தில் சண்டை போட்டிருக்கிறேன்.

முதலில் அவசரமானதை எழுதுகிறேன். டீட்ஸிடம் கொடுக்காதீர்கள். அந்தத் தடம் என்னுடையது இல்லை.

நான் இடக்கைக்காரி. இடக்கையால் பிடித்தால் பெருவிரல் வலப்பக்கம் விழும். அதைவிட, கையுறை இல்லாமல் 4117-ஐ நான் தொட்டதே இல்லை. மோதிரமும் போடுவதில்லை. இனி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னல் ஓரமாகப் போங்கள். தடத்தின் குறுக்கே ஓடும் கோட்டைப் பாருங்கள். பிறகு உங்கள் வலது கைப் பெருவிரலைப் பாருங்கள். கல்யாணமான முதல் கோடையில் கொதிநீரில் கண்ணாடி ஜாடி வெடித்து, மருத்துவர் ஐந்து தையல் போட்ட விரல். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கு எல்லாம் தெரியும். அதுதான் என் கஷ்டம்.

இரண்டாம் வருஷம், 1961 அக்டோபர். ஓரின் கொலம்பஸிலிருந்து வீடு திரும்பி, ரிவால்வரைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, கண்காட்சிக் கதையை அளந்துகொண்டிருந்தாராம். அதில் என் பெயர் அதிகமாக வந்ததாம். நீங்கள் முழங்கைவரை உப்போடு கோஸைப் பிசைந்துகொண்டிருந்தீர்களாம். திடீரென்று அந்தக் கையோடு ரிவால்வரைத் தூக்கி, "இதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க! இன்னிக்கு ராத்திரி இதுவே உங்களுக்குச் சோறு போடட்டும்!" என்று அவர் மடியில் வைத்தீர்களாம். அதே நேரம், பந்தாட்டத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன பேருந்து ஆற்றுப்பாலத்தில் நின்றுவிட்டது என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஓடினார். திரும்பிப் பிரித்துப் பார்த்தது இரண்டு நாள் கழித்து. உப்பு தன் வேலையை முடித்துவிட்டது.

அடுத்த அக்டோபரில் அவர் 4117-ஐப் பெட்டியில் வைத்ததும் அந்தத் தடம்தான் என் கண்ணில் பட்டது. எழுபது வருஷம் அப்பழுக்கில்லாமல் இருந்த மெருகு! நடுவர் குனிந்து பார்த்துவிட்டு மதிப்பெண் குறைத்தார். அந்த வருஷத்திலிருந்துதான் சிவப்பு ரிப்பன். ஒவ்வொரு வருஷமும் அவரிடம் சொன்னேன், ஃபிலடெல்பியாவில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அந்த ஒரு இடத்தை மட்டும் சுற்றிலும் தெரியாமல் சரிசெய்வார் என்று. அவர் பதில் ஒன்றேதான். "அது இருந்துட்டுப் போகட்டும் அடீல். இதுல என் பொண்டாட்டி கை இருக்கு. நான் பாட்டுக்கு வாய் ஓயாம பேசி அவளை நோகடிச்சேன். அடுத்த தடவை பேச வாயெடுக்கும்போது ஞாபகம் வரட்டும்."

நடுவர்களிடமும் இதையே சொல்வார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமும் சொல்வார். கொலம்பஸில் அந்தத் தடம் யாருடையது என்று தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

பொறாமை என்று வெளிப்படையாக எழுதினீர்கள். நானும் எழுதிவிடுகிறேன். நீங்கள் யார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியும். காப்பியோடு நீங்கள் வந்தபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தெரிந்தேதான் தங்கையா என்று கேட்டேன். உறைக்காரன் ஜோடி என்று கூவியது எனக்குக் கசக்கவில்லை. ஓரின் சிவந்துபோனார் என்றீர்களே, நீங்கள் போன பிறகு அவனிடம் போய், "என் வீட்டுக்காரி காது கேக்க இப்படியெல்லாம் பேசாதப்பா, அவ மனசு நோகும்" என்றார். என் மனசைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. யோசிக்க அவருக்குக் காரணமும் இல்லை.

பத்தொன்பது வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பற்றிக் கேட்டேன். உங்கள் பாட்டு, உங்கள் முன்கோபம், உங்கள் கோஸ். ஜாடி என்னிடம்தான் வந்தது. "வெர்னா கைப்பக்குவம், சாப்பிட்டுப் பாருங்க" என்று கொடுப்பார். முதல் ஜாடியை வரும் வழியில் ஏரிக்கரையில் வீசிவிட்டேன். மற்றவற்றைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதற்கும் எரிச்சல் பட்டேன். என் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் என் பெயரை வெளியே ஒரு இடத்தில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

4117-ஐ நான் கேட்டதற்குக் காரணம் பெட்டி நிறைய வேண்டும் என்பது மட்டும் இல்லை. அது போய்விட்டால் அக்டோபரில் எனக்குப் போக இடம் இல்லை. இனி கேட்க மாட்டேன். விற்காவிட்டால் பரவாயில்லை. அந்தத் தடத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அடீல் க்விம்பி


வூஸ்டர், ஒஹாயோ
மே 7, 1979

அன்புள்ள அடீல் அவர்களுக்கு,

தபால்காரர் சனிக்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். ஒன்பது மணிக்கே டீட்ஸ் வந்து ரிவால்வரை எடுத்துப் போய்விட்டார்.

கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க ரிவால்வர் இல்லை. என் பெருவிரலை மட்டும் பார்த்தேன். குறுக்கே கோடு அப்படியே இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை ராத்திரியும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொட்டதே இல்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய் இல்லை, மறதி. கோபத்தில் செய்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் பதினேழு வருஷம் அதைத் துணியில் பொதிந்து வைத்திருந்திருக்கிறார்.

டீட்ஸின் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. இடுப்பில் கட்டிய சமையல் துணியோடே ஓரினுடைய பழைய லாரியை எடுத்தேன். பனிக்காலத்துக்குப் பிறகு யாரும் எடுக்காத வண்டி, மூன்று தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பியது. மான்ஸ்ஃபீல்ட் போகும்வரை கர்த்தரிடம் ஒரே வேண்டுதல்தான். டீட்ஸுக்குச் சாப்பாட்டு நேரம் சீக்கிரமே வரட்டும் என்பது.

உள்ளே போனபோது தேய்ப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. டீட்ஸின் கையில் இருந்தது வேறு யாருடைய வேட்டைத் துப்பாக்கியோ. 4117 பக்கத்து மேசையில், திருகு திருகாகக் கழற்றி, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இடப்பக்கத் தகட்டின் மேல் அவர் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டிருந்தார், முதலில் தேய்க்க வேண்டிய இடம் என்று.

"நிறுத்துங்க, எனக்கு அது அப்படியே வேணும்" என்றேன். அந்த மனிதருக்குப் புரியவில்லை. "ஏம்மா, நீங்கதானே இந்தக் கறை போகணும்னு சொன்னீங்க? யாரோ உப்புக்கையால தொட்டுப் பாழாக்கியிருக்காங்க. யாரு பண்ணின வேலைம்மா இது?" என்றார். "நான் பண்ணினதுதான்" என்றேன். என் பெருவிரலை அந்தச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் வைத்துக் காட்டினேன். விரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் கோட்டோடு கோடு சேர்ந்தது. டீட்ஸ் சக்கரத்தை அணைத்தார். அவர் கடையில் வைத்து அழுதுவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, கணவரை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

பூட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி, ஒவ்வொரு துண்டையும் கேக் சுடும் தட்டில் வாரிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது என் சமையலறையில், ஓரினின் கையுறைக்கு அடியில் இருக்கிறது. எந்தத் திருகு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. இந்த உலகத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் என்று இவர் சொல்வார். அதில் ஒருவர் போய்விட்டார்.

நான் திருந்திவிட்டேன், பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு நீங்கள் அவரை எடுத்துக்கொண்டீர்கள் என்று எரிந்தேன். இப்போது வேறு ஒன்றுக்கு எரிகிறேன். என்னைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நடுவர்கள் கேட்டார்கள், தோல் உறைக்காரன் கேட்டான், போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். என்னிடம் அவர் சொன்னது, "வெர்னா, இந்தத் தடவையாவது வாயேன்" என்ற ஒரு வரி. அதற்கு நான் பதினெட்டு வருஷமும் கோஸ் வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

தங்கை என்று கேட்டதை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. ஏரிக்கரையில் வீசிய ஜாடிக்கும் சேர்த்து, நேரில் வந்தால் யோசிக்கிறேன்.

4117 விற்பனைக்கு இல்லை. ஆனால் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை நாற்பத்து நான்காம் மேசையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கண்காட்சிக்காரர்களுக்கு எழுதிவிடுங்கள். அவர் நாற்காலியில் நான் உட்காருவேன். இந்த வருஷம் கோஸை ஒரு வாரம் முந்திப் போட்டுக்கொள்கிறேன். சிவப்பு ரிப்பன்தான் கிடைக்கும், தெரியும்.

அதற்கு முன்னால் இங்கே ஒருமுறை வந்து இந்தத் திருகுகளைப் பூட்டிக் கொடுங்கள். பெட்டியையும் 4116-ஐயும் எடுத்து வாருங்கள். மாடியில் அறை இருக்கிறது, இரண்டு மூன்று நாள் தங்கும்படி வாருங்கள். திருகு பூட்ட அவ்வளவு நேரம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். 1960-இல் தொடங்கி, வருஷம் வருஷமாக, அவர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். கோபமாகச் சொன்னது இருந்தாலும் மறைக்க வேண்டாம். அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

உங்கள் நலம் அறிய ஆவல்.

இப்படிக்கு,
வெர்னா